அந்தப் பக்கம் யாரும் இல்லை

சனிக்கிழமை ராத்திரி பத்தே முக்கால் மணி. பாளையங்கோட்டையில் ஒரு மொத்த மருந்துக்கடை, அங்கே பில் போடும் கம்ப்யூட்டர். சென்னையில் என் வீட்டு மேசையில் நான். பகலில் அந்த மெஷினில் கை வைத்தால் கவுன்டரில் வரிசை நின்றுவிடும் என்பதால், கடை அடைத்த பிறகுதான் மென்பொருளைப் புதுப்பிப்பது வழக்கம். வேலை சுத்தமாக முடிந்தது. கடைசியாக ஒரு ரீஸ்டார்ட் போட்டுவிட்டுப் படுக்கலாம் என்று மெனுவைத் திறந்தேன். தூக்கக் கலக்கத்தில் விரல் ஒரு வரி மேலே அழுத்திவிட்டது. ஷட் டவுன்.

நீல வட்டம் சமர்த்தாகச் சுற்றியது. பிறகு என் திரையில் இணைப்பு போய்விட்டது என்ற ஒற்றை வரி. அறுநூறு கிலோமீட்டருக்கு அப்பால், பூட்டிய ஷட்டருக்குப் பின்னால், ஒரு மெஷின் என் பேச்சைக் கேட்டு அணைந்துபோயிருந்தது. எழுப்ப வேண்டுமென்றால் முன்பக்கப் பட்டனை யாராவது அமுக்க வேண்டும்.

கடைக்காரருக்குப் போன் போட்டேன். பின்னணியில் நாதஸ்வரம்.

"என்ன தம்பி, இந்நேரத்துல?"

"அண்ணாச்சி, கடை கம்ப்யூட்டர ஒரு தடவ ஆன் பண்ணணும்."

"நீங்கதான அங்கேருந்தே எல்லாம் பண்ணுவீங்க?"

"அணைக்க முடியும் அண்ணாச்சி. அணைஞ்சத ஏத்த முடியாது."

"கடைச் சாவி என் மடியிலல்லா இருக்கு. நான் சங்கரன்கோவில்ல கல்யாண வீட்டுல இருக்கேன்."

மறுநாள் காலை எட்டரைக்கு, கல்யாணப் பட்டு வேட்டியோடு அவர் கடையைத் திறந்து அந்தப் பட்டனை அமுக்கினார். அரை நொடி வேலை. அந்த அரை நொடிக்காக நானும் அந்தக் கம்ப்யூட்டரும் இரவு முழுக்கக் காத்திருந்தோம்.

தூரத்துக் கம்ப்யூட்டரைச் சரிசெய்யும் தொழிலில் இரண்டு வகை உண்டு. ஒன்றில் அந்தப் பக்கம் ஆள் இருப்பார். "சார், ஒன்பது நம்பர் காட்டுது, சொல்லவா?" என்பார். சொல்வார், நாம் தட்டுவோம், அவர் திரையில் 'அனுமதிக்கலாமா' என்று கேட்கும், அவர் 'சரி' என்பார். இன்னொன்றில் ஆளே இல்லை. கடை பூட்டியிருக்கும், ஏடிஎம் மையம் காலியாக இருக்கும், பள்ளி விடுமுறையில் இருக்கும். இதைத் தொழிலில் 'அன்அட்டெண்டட்' என்கிறோம். தமிழில் ஆளில்லா அணுகல் என்று வைத்துக்கொள்ளலாம். வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு இங்கே தூரம்தான் அதிசயமாகத் தெரியும். தூரத்தை மனிதன் எப்போதோ ஜெயித்துவிட்டான். ஆனால் அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் முன் நாற்காலியில் உட்கார்ந்திருந்த மனிதர் தன்னையறியாமல் என்னென்ன செய்துகொண்டிருந்தார் என்பது அவர் எழுந்து போன பிறகுதான் தெரியவருகிறது. இந்த அத்தியாயம் அவரைப் பற்றியது.

தூரத்தின் கதையை முதலில் முடித்துவிடலாம். 1940 செப்டம்பர் 11 அன்று, அமெரிக்காவின் ஹனோவர் ஊரில் டார்ட்மவுத் கல்லூரியில் கணிதவியலாளர்கள் கூடியிருந்தார்கள். பெல் ஆய்வகத்தின் ஜார்ஜ் ஸ்டிபிட்ஸ் ஒரு டெலிடைப் இயந்திரத்தைக் காட்டி, கணக்குகளைத் தட்டச் சொன்னார். கணக்கு தொலைபேசிக் கம்பி வழியே நியூயார்க்கில் இருந்த ரிலே கணக்கியந்திரத்துக்குப் போய், விடை திரும்பி வந்தது. கம்ப்யூட்டர் என்ற சொல் அன்றைக்கு இன்னும் பெரும்பாலும் கணக்குப் போடும் மனிதரையே குறித்தது. அப்போதே தூரம் ஒழிந்தாயிற்று.

1969 அக்டோபர் 29 இரவு பத்தரை மணிக்கு நடந்ததுதான் எனக்கு இன்னும் பிடித்தது. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் லாஸ் ஏஞ்சலிஸ் வளாகத்தில் சார்லி க்ளைன் என்ற மாணவர், ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த ஸ்டான்ஃபோர்ட் ஆய்வு நிறுவனத்தின் கம்ப்யூட்டருக்குள் நுழைய 'லாகின்' என்று தட்டத் தொடங்கினார். இன்டர்நெட்டின் பாட்டியான அர்ப்பாநெட்டில் போன முதல் செய்தியே தூரத்து மெஷினுக்குள் நுழையும் முயற்சிதான். எல் போனது. ஓ போனது. ஜி தட்டியதும் அந்தப் பக்கத்து மெஷின் விழுந்துவிட்டது. இவை போய்ச் சேர்ந்தனவா என்று க்ளைனுக்கு எப்படித் தெரிந்தது? அந்தப் பக்கம் பில் டுவால் என்பவர் தொலைபேசியோடு உட்கார்ந்திருந்தார். 'எல் வந்ததா?', 'வந்தது.' விழுந்த மெஷினைத் தூக்கி நிறுத்தவும் அங்கே ஆள் இருந்தது. ஒரு மணி நேரம் கழித்து இணைப்பு கிடைத்தது. டுவால் அன்று வீட்டுக்குப் போயிருந்தால், என் பாளையங்கோட்டை ராத்திரி அப்போதே நடந்திருக்கும்.

இனி, நாற்காலி காலியான பிறகு நடப்பவை.

முதல் வேலை, கதவு திறப்பது. உலகத்தில் பழைய பாணி இணைய முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடி. கருவிகளோ அதைவிட அதிகம். அதனால் ஒரு கடையில் இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் ரவுட்டருக்குப் பின்னால் 192.168 என்று தொடங்கும் உள்ளூர் முகவரியோடு குடியிருக்கும். பல இடங்களில் அந்த ரவுட்டருக்கே சொந்தப் பொது முகவரி கிடையாது. இணைய நிறுவனத்தின் இன்னொரு பெரிய ரவுட்டருக்குப் பின்னால் நூற்றுக்கணக்கான வாடிக்கையாளர்களோடு அதுவும் ஒண்டுக்குடித்தனம்தான். உள்ளிருந்து வெளியே கேட்டுப் போனவனுக்குரிய பதிலை ரவுட்டர் உள்ளே விடும். வெளியிலிருந்து புதிதாகத் தட்டுகிறவனை யாருக்கு அனுப்புவது என்று அதற்குத் தெரியாது, கீழே போட்டுவிடும்.

ஆகவே நாம் தட்டுவதில்லை. அந்தக் கம்ப்யூட்டருக்குள் முன்கூட்டியே ஒரு சிறு நிரலை நிறுவிவிடுகிறோம். ஏஜென்ட் என்று பெயர். மெஷின் எழுந்ததும் இதுவே வெளியே கிளம்பி, இணையத்தில் இருக்கும் ஒரு நடுவர் சர்வரை அழைத்து, லைனை வைக்காமல் பிடித்துக்கொண்டே இருக்கும். நாமும் இந்தப் பக்கத்திலிருந்து அதே நடுவரை அழைக்கிறோம். அவர் இரண்டு லைனையும் சேர்த்து வைக்கிறார். ஜெர்மனியின் டீம்வியூவர், எனிடெஸ்க், நம் சென்னை ஜோஹோவின் அசிஸ்ட் எல்லாம் அடிப்படையில் இந்த வழிதான். முடிந்தால் நடுவர் இருவரையும் நேராகப் பேசவிட்டுத் தான் விலகிக்கொள்வார், முடியாவிட்டால் அவர் வழியாகவே போகும். இதில் ஒரு சின்னத் தந்திரம்: பேச்சு மூச்சில்லாத இணைப்பை ரவுட்டர் சில நிமிடங்களில் மறந்துவிடும். அதனால் ஏஜென்ட் சொல்ல ஒன்றும் இல்லாவிட்டாலும் அவ்வப்போது 'இருக்கேன், இருக்கேன்' என்று ஒரு சிறு பொட்டலத்தை அனுப்பிக்கொண்டே இருக்கும். பூட்டிய கடைகளிலிருந்து இந்த நொடியிலும் லட்சக்கணக்கான 'இருக்கேன்'கள் போய்க்கொண்டிருக்கின்றன.

திரையைப் பார்ப்பது அடுத்தது. சாதாரணமான ஒரு முழு எச்டி திரையில் 20 லட்சத்துக்கு மேல் புள்ளிகள். புள்ளிக்கு மூன்று பைட், நொடிக்கு 30 படம் என்று அப்படியே அனுப்பினால் நொடிக்கு சுமார் 150 கோடி பிட் ஆகும். கடையின் இணைப்பு தாங்காது. 1990களில் இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜில் ஒலிவெட்டி ஆய்வகத்தில் விஎன்சி என்ற தொலைத்திரை மென்பொருளை உருவாக்கியவர்கள் இதற்கு ஆச்சரியமான எளிமையில் ஒரு விடை கண்டார்கள்: திரையில் எந்தச் சதுரம் மாறியதோ அதை மட்டும் அனுப்பு. 'இந்த இடத்தில் இந்தச் சதுரத்தை ஒட்டு.' அவ்வளவுதான் கட்டளை. பில் மென்பொருளில் ஒரு எண் மாறினால் தபால்தலை அளவுக்கு ஒரு சதுரம் போகும். அந்தக் குழுவில் இருந்த க்வென்டின் ஸ்டாஃபோர்ட்-ஃபிரேசர், 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் காபிப் பானை காலியா என்று இடத்தை விட்டு எழாமலே பார்க்க ஒரு கேமராவை மாட்டிய கோஷ்டியிலும் இருந்தவர். சோம்பேறித்தனத்துக்குக் கணினித் துறை பட்டிருக்கும் கடனை யாராவது ஒழுங்காக எழுத வேண்டும்.

இனி வருவதுதான் ஆளில்லா அணுகலின் உயிர்நாடி. இங்கே கொஞ்சம் நின்று பார்க்கலாம். ஆள் இருக்கும்போது அவர் 'எஸ்' அமுக்குவார். விண்டோஸில் ஏதாவது நிறுவப்போனால் திரை மங்கி, 'இந்த நிரல் மாற்றம் செய்ய அனுமதிக்கிறீர்களா?' என்று ஒரு பெட்டி வரும் அல்லவா? அந்த மங்கல் வெறும் அலங்காரம் இல்லை. அந்தக் கணத்தில் விண்டோஸ் உங்களை வேறொரு மேசைக்கு மாற்றிவிடுகிறது. பழைய மேசையில் இருக்கும் எந்த நிரலும் புதிய மேசையைப் பார்க்கவோ, அங்கே மவுஸை நகர்த்தவோ முடியாது. முடிந்தால் வைரஸ் தானே 'எஸ்' அமுக்கிக்கொள்ளுமே! பூட்டுத் திரையும் அப்படியே. கன்ட்ரோல், ஆல்ட், டெலிட் மூன்றையும் சேர்த்து அமுக்குவதும் அப்படித்தான். அந்தச் சேர்க்கை விண்டோஸின் உள்மனதுக்கு மட்டுமே நேராகப் போகும். சாதாரண நிரல் எதுவும் அதைப் போலி செய்ய முடியாது.

ஆக, எதிரில் மனிதர் இருக்கிறார் என்பதை உறுதி செய்வதற்கென்றே விண்டோஸ் கட்டிய சுவர் இது. நம் தொழிலோ மனிதர் இல்லாமல் அதைத் தாண்டும் தொழில். சாதாரண நிரலாக ஓடும் திரைப் பகிர்வு, அனுமதிப் பெட்டி வந்ததும் கறுத்துப்போய் நிற்கும். ஏஜென்டை அதனால்தான் 'சர்வீஸ்' ஆக நிறுவுகிறோம். சர்வீஸ் என்பது யாரும் லாகின் செய்யும் முன்பே எழுந்து, சிஸ்டம் என்ற மிக உயர்ந்த அதிகாரத்தோடு ஓடுவது. ஆனால் 2007இல் வெளியான விஸ்டாவிலிருந்து சர்வீஸ்களைத் திரையே இல்லாத ஒரு தனியறையில் அடைத்துவிட்டார்கள்; பூஜ்யம் எண் அமர்வு என்று பெயர். அதிகாரம் இருக்கிறது, கண் இல்லை. எனவே ஏஜென்ட் இரண்டு ஆளாகப் பிரிகிறது. அதிகாரமுள்ளவர் உள்ளறையில் உட்கார்ந்துகொண்டு, எந்த மேசை இப்போது திரையில் இருக்கிறதோ அங்கே தன் அதிகாரத்தோடு ஒரு எடுபிடியை அனுப்புகிறார். மேசை மாறினால் இன்னொரு எடுபிடி. அனுமதிப் பெட்டி வரும்போது உங்கள் ரிமோட் திரை ஒரு கணம் துடித்து மீள்வதைப் பார்த்திருந்தால், எடுபிடி மாறுவதைத்தான் பார்த்தீர்கள். ஆப்பிள் இவ்வளவு நெளிவு சுளிவு தராது: மேக்கில் திரையைப் பார்க்கவும் மவுஸை நகர்த்தவும் தனித்தனி அனுமதி வேண்டும்; அதைப் பெரும்பாலும் மெஷின் முன்னால் உட்கார்ந்து ஒருவர் தட்டித்தான் தர வேண்டும். நிறுவும் நாளில் இதை மறந்த பொறியாளர் இரண்டாம் முறை ஆட்டோ பிடித்துப் போவார்.

பட்டனுக்கு வருவோம். அணைந்த கம்ப்யூட்டர் முழுக்க அணைவதில்லை; பிளக் சுவரில் இருக்கும்வரை அதன் நெட்வொர்க் கார்டு அரைத்தூக்கத்தில் காது கொடுத்துக்கொண்டிருக்க முடியும். அது காத்திருக்கும் மந்திரம் 102 பைட் நீளம்: 255 என்ற எண் ஆறு முறை, பிறகு அந்தக் கார்டின் சொந்த முகவரி பதினாறு முறை. தற்செயலாக அமைய வாய்ப்பே இல்லாத வரிசை. பேரைப் பதினாறு தடவை கூப்பிட்டால் எழாத பிள்ளையா? வேக்-ஆன்-லேன் என்பது இதுதான். ஆனால் இந்தக் குரல் அந்தக் கடையின் உள்வலையமைப்புக்குள்ளிருந்து வர வேண்டும், வெளியிலிருந்து ரவுட்டர் விடாது. அதனால் எழுப்புவதற்கென்று உள்ளே விழித்திருக்கும் இன்னொரு மெஷின் வேண்டும். பாளையங்கோட்டையில் அன்று இருந்தது ஒரே ஒரு மெஷின்.

நம்மூரில் அதைவிட முக்கியம் கரண்ட். யுபிஎஸ் பேட்டரி தீர்ந்து மெஷின் விழுகிறது, அரை மணியில் கரண்ட் வருகிறது, மெஷின் எழுவதில்லை. மெஷினின் ஆரம்ப அமைப்பான பயாஸுக்குள் போனால், மின்சாரம் திரும்பியதும் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலான மெஷினில் அது 'அணைந்தே இரு' என்றுதான் வரும். அதை மாற்ற ஒரு நிமிடம். என் அனுபவத்தில் இந்த ஒரு வரி மிச்சப்படுத்திய பஸ் டிக்கெட்டுகளை எந்த விலையுயர்ந்த மென்பொருளும் மிச்சப்படுத்தியதில்லை.

இத்தனையும் செய்துவிட்டு நம் கையாலேயே கெடுத்துக்கொள்ள ஒரு வழி உண்டு. தூரத்தில் இருக்கும் ரவுட்டரின் அமைப்பை, அதே ரவுட்டர் வழியாக உள்ளே போய் மாற்றுவது. உட்கார்ந்திருக்கும் கிளையை வெட்டும் வேலை. சிஸ்கோ ரவுட்டர்களில் கை வைக்கும் பழம் தின்று கொட்டை போட்டவர்கள் முதலில் ஒரு கட்டளை தருவார்கள்: பத்து நிமிடத்தில் நீயே ரீஸ்டார்ட் ஆகிவிடு. பிறகு மாற்றத்தைச் செய்வார்கள், சேமிக்காமல். எல்லாம் சரியென்றால் அந்தக் கட்டளையை ரத்து செய்துவிட்டுச் சேமிப்பார்கள். தவறு நடந்து வெளியே மாட்டிக்கொண்டால் பத்து நிமிடம் விரலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் போதும்; ரவுட்டர் தானே எழுந்து பழைய அமைப்புக்குத் திரும்பிவிடும்.

இதே தந்திரம்தான் மனிதன் அனுப்பிய மிகத் தொலைவான ஆளில்லாக் கம்ப்யூட்டர்களில் ஒன்றையும் காக்கிறது. 2023 ஜூலை 21 அன்று நாசா வாயேஜர் 2க்கு ஒரு தவறான கட்டளையை அனுப்பிவிட்டது. விண்கலத்தின் ஆன்டெனா பூமியை விட்டு இரண்டு டிகிரி திரும்பிக்கொண்டது. சுமார் 1,990 கோடி கிலோமீட்டரில் இரண்டு டிகிரி என்றால் பேச்சு வார்த்தையே நின்றுபோகும். ஆனால் அந்தக் கலம் ஆண்டுக்குச் சில முறை தானாகவே பூமியைத் தேடித் திரும்பிக்கொள்ளும்படி எழுதப்பட்டிருந்தது; அடுத்த முறை அக்டோபர் 15. பத்து நிமிட ரீஸ்டார்ட், விண்வெளிக் கணக்கில் பன்னிரண்டு வாரம். அதுவரை பொறுக்காமல் ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்த பெரிய ஆன்டெனா வழியே முழு பலத்தோடு ஒரு 'கத்தல்' அனுப்பினார்கள். போக பதினெட்டரை மணி, வர பதினெட்டரை மணி. ஆகஸ்ட் 4 அன்று கலம் திரும்பிப் பார்த்தது.

கடைசியாக, அந்த நாற்காலிக்காரர் செய்த மிகப் பெரிய வேலை: சும்மா பார்த்துக்கொண்டிருப்பது. யாரோ நுழைந்து மவுஸ் தானாக நகர்ந்தால் "யாருப்பா அது?" என்று கேட்டிருப்பார். ஆளில்லா அணுகலில் சம்மதம் ஒரே ஒரு முறை, நிறுவும் நாளில் வாங்கப்படுகிறது. அதற்குப் பிறகு யாரையும் கேட்பதில்லை. சம்மதம் சொன்ன அண்ணாச்சிக்கு அது நினைவிருக்குமா என்பதே சந்தேகம். வேலையை விட்டுப் போன பொறியாளரின் லேப்டாப்பில் எத்தனை கடைகளின் சாவி இன்னும் தொங்குகிறது என்று கணக்கெடுக்கும் பழக்கம் இந்தத் தொழிலில் வெட்கப்படும்படி குறைவு.

இதன் விலை 2021 ஜூலை 2 அன்று தெரிந்தது. பல நிறுவனங்களின் கம்ப்யூட்டர்களை ஒரே இடத்திலிருந்து பராமரிக்க உதவும் கசேயா என்ற மென்பொருளின் ஓட்டை வழியே ரீவில் என்ற கும்பல் நுழைந்தது. அவர்கள் ஒவ்வொரு கடையாக உடைக்கவில்லை. சாவிக்கொத்து வைத்திருந்தவரைப் பிடித்தார்கள். 1,500 வரையிலான நிறுவனங்களின் கோப்புகள் பூட்டப்பட்டன. சுவீடனில் கூப் என்ற மளிகைக் கடைத்தொடர், கல்லாப்பெட்டிகள் ஓடாமல் சுமார் 800 கிளைகளை மூடியது. நல்லெண்ணத்துக்காக நிறுவிய அதே சர்வீஸ், அதே உயர்ந்த அதிகாரம், அதே 'யாரையும் கேட்காதே'. நம் ஊர்க் கள்வர்கள் இன்னும் சுருக்கமான வழி கண்டார்கள்: வங்கியிலிருந்து பேசுவதாகச் சொல்லி, எனிடெஸ்க் செயலியைப் போடவைத்து, அந்த ஒன்பது இலக்க எண்ணை வாயால் வாங்கிக்கொள்வது. 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி இதைப் பற்றி எச்சரித்தது. எங்கள் தொழிலின் முதல் வாக்கியத்தைக் களவாடிவிட்டார்கள் என்பது எனக்குத் தனிப்பட்ட மனக்குறை.

ஆகவே நிறுவும்போது நான் செய்வது: மெஷினுக்கு ஒரு தனிக் கடவுச்சொல், அதோடு கைபேசியில் வரும் இரண்டாவது குறியீடு, யார் எப்போது நுழைந்தார் என்ற பதிவேடு, பிறகு டாஸ்க்பாரில் ஏஜென்டின் சின்னத்தை மறைக்காமல் விடுவது. கடைசியானதற்கு மரியாதை தவிர வேறு காரணமில்லை.

இத்தனை ஏற்பாடும் கைகொடுக்காத ஒரு நாளும் வந்தது: 2024 ஜூலை 19, வெள்ளிக்கிழமை. நம் நேரப்படி காலை ஒன்பதரை மணிக்கு மேல், கிரவுட்ஸ்ட்ரைக் என்ற பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்புக் கோப்பு ஒன்று உலகமெங்கும் இறங்கியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் மெஷின்கள் நீலத் திரையில் விழுந்தன; எழுந்து எழுந்து மறுபடி விழுந்தன. இந்தியாவில் விமானப் பயணிகளுக்குக் கையால் எழுதிய போர்டிங் பாஸ் கொடுத்தார்கள். ஒரு கோப்பை அழித்தால் சரியாகிவிடும் என்று அன்றே தெரிந்துவிட்டது. ஆனால் நம் ஏஜென்ட் எழுவதற்கு முன்பே மெஷின் விழுந்துகொண்டிருந்ததே! கதவைத் திறக்க வேண்டியவனே மயங்கிக் கிடந்தான். நடுவர் சர்வரின் பட்டியலில் பச்சைப் புள்ளிகள் ஒவ்வொன்றாகச் சாம்பலாயின. அங்கே யாராவது நேரில் போய், மெஷினைப் பாதுகாப்பு முறையில் எழுப்பி, அந்தக் கோப்பை அழிக்க வேண்டும். வட்டு பூட்டப்பட்டிருந்தால் அதற்கு முன்னால் 48 இலக்கச் சாவி ஒன்றைத் தட்ட வேண்டும். ஆறு ஆறாக எட்டுக் கொத்து.

அன்று சாயங்காலம் நண்பரின் அலுவலகத்தில் ஒத்தாசைக்கு உட்கார்ந்திருந்தேன். எதிர்முனையில் ஏதோ ஒரு கிளையின் அலுவலக உதவியாளர். கம்ப்யூட்டரைத் தொட்டே பழக்கமில்லை என்றார். நான் படித்தேன், அவர் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லித் தட்டினார்.

"ஆறு முடிஞ்சுது சார். கோடு ஒண்ணு தானா வருது."

"அது வரட்டும்ண்ணே. அடுத்த ஆறு சொல்றேன். மூணு..."

"மூணு."